தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அருந்ததி

எம்.ரெட்டியபட்டியில் காலில் முள் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் குறைவு. நேராகக் கஸ்தூரி வீட்டுக்குத்தான் வருவார்கள். ஊரைச் சுற்றிலும் சீமைக்கருவேலம். பருத்திக்குக் களை எடுக்கப் போகிறவர்கள், ஆடு பத்துகிறவர்கள், விறகு வெட்டுகிறவர்கள் என்று தினம் ஒருவராவது நொண்டிக்கொண்டு வந்து வாசலில் உட்காருவார். கஸ்தூரி அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைத் தீக்குச்சியில் காட்டிவிட்டு, மூக்கு இடிக்கிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோவாள். ஒரு நிமிஷம்தான். ஒடிந்து உள்ளே போயிருந்த நுனி ஊசிமுனையில் வந்து நிற்கும்.

"ஆத்தாடி, கழுகுக் கண்ணுடி உனக்கு" என்பாள் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய். ஊரும் அதையேதான் சொல்லும். ஊசியில் நூல் கோக்க, பிள்ளைகள் தலையில் பேன் பார்க்க, மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படிக்க என்று எல்லாவற்றுக்கும் அவள்தான்.

கஸ்தூரி சிரித்துக்கொள்வாள். ஒரு முழத்துக்கு உட்பட்ட உலகத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பது நிஜம். அந்த ஒரு முழத்தைத் தாண்டினால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் நிஜம். எதிர்வீட்டுக் கதவு ஒரு நீலக் கறை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மனிதர்கள் வேட்டியும் சேலையுமாக நிற்கும் நிறங்கள். இந்த இரண்டாவது விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும், பாளையம்பட்டியில் இருந்த அவள் அம்மா பிச்சையம்மாளுக்கும். பிச்சையம்மாள் ஆறு வருஷத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்த பிறகு ரகசியம் முழுசாக ஒருத்தி தலையில் விழுந்தது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கண் முகாம் வைத்தார்கள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்த பிச்சையம்மாள் அதை நாலாக மடித்துக் கடுகு டப்பாவில் போட்டு மூடினாள். "கண்ணாடி மாட்டுன பொண்ண எவன் வந்து கேப்பான்? கலியாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றாள். பிச்சையம்மாள் கெட்டவள் இல்லை. தன் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த நாலு பேர், அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனதை வாசல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவள்.

அப்புறம் கஸ்தூரி பிழைக்கக் கற்றுக்கொண்டாள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாள். பஸ்ஸை நிறத்தையும் சத்தத்தையும் வைத்து அடையாளம் பிடித்தாள். எதிரே வருவது யாரென்று தெரியாததால் எவர் வந்தாலும் "வாங்க" என்று சொல்லிவைத்தாள். அதனால் மரியாதை தெரிந்த பிள்ளை என்று பேர் வந்தது. ஒரு தடவை சோளக்காட்டில் நட்டிருந்த வைக்கோல் பொம்மைக்கும் "வாங்க மாமா" சொல்லியிருக்கிறாள். நல்ல வேளை, அந்த மாமா வெளியே சொல்லவில்லை.

கல்யாணம் அருப்புக்கோட்டை மண்டபத்தில். தை மாதம், விடியற்காலை முகூர்த்தம். முதல் நாள் ராத்திரி தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போதே அம்மா சொல்லியிருந்தாள். "ஐயரு வெளிய கூட்டிப்போயி அருந்ததி காட்டுவாக. எதக் காட்டுனாலும் தெரியுதுன்னு சொல்லிரு. முழிச்சுக்கிட்டு நிக்காத."

தாலி ஏறி, அம்மி மிதித்து, மெட்டி போட்டு முடிப்பதற்குள் மணி ஆறே கால் ஆகிவிட்டது. வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. ஐயருக்குப் பாளையம்பட்டியில் அடுத்த முகூர்த்தம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மண்டபத்துக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தி, மேற்கே தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம் கையை நீட்டினார். "தொட்டிக்கு மேல பாருங்கோ. பெருசா இருக்கறது வசிஷ்டர். பக்கத்துல சின்னதா அருந்ததி. தெரியறதா?"

கஸ்தூரிக்குத் தொட்டியே தெரியவில்லை. "தெரியுது" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில் வாய் ஓடியது. "ரெண்டுமே தெரியுது சாமி. சின்னது பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு."

மாப்பிள்ளை சின்னத்துரை தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தான். உள்ளதை உள்ளபடி சொல்லியே பழக்கப்பட்ட ஆள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சாமி" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவனுடைய தாய்மாமன் வீரணன், "மாப்ளைக்குக் கண்ணு அவுட்டு! பொண்ணு கண்ணத்தான் இனிமே நம்பணும்" என்று மைக் இல்லாமலேயே மண்டபத்துக்குள் இருந்தவர்களுக்கும் சேர்த்து அறிவித்தார். அந்தச் சிரிப்பு சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் போனது, மறுவீட்டுக்கும் கூடவே வந்தது.

கஸ்தூரியும் அன்றைக்குச் சிரித்தாள். தப்பித்தோம் என்று சிரித்த சிரிப்பு.

சின்னத்துரை அப்போது பந்தல்குடியில் ஒரு லாரியில் இரண்டாவது டிரைவர். தூத்துக்குடி ரோட்டில் சிமெண்டு லோடு ஏற்றிப் போவான். ஹெவி லைசென்ஸ் எடுத்து, அரசு பஸ் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். கல்யாணமாகி ஏழாம் மாதம் அழைப்புக் கடிதம் வந்தது. கண் பரிசோதனை உண்டு என்று அதில் எழுதியிருந்ததைக் கஸ்தூரிதான் படித்துச் சொன்னாள். அவன் கடிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றான். மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் அப்படி நிற்பதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். இருட்டியதும் வாசலில் போய் நின்று, கண்ணைச் சுருக்கி, ஐயர் கை காட்டிய திசையிலேயே தேடுவான். ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"நான் போகல கஸ்தூரி" என்றான் உள்ளே வந்து. "லாரியில சிமெண்டு மூட்டை இருக்கு. பஸ்ஸுல அம்பது உசுரு இருக்கும். கண்ணு சரியில்லாதவன் அதுல உக்காரக் கூடாது."

ஒரு நட்சத்திரம் தெரியவில்லை என்பதற்காக ஒருவன் சர்க்கார் வேலையை விடுவானா என்று கேட்கலாம். கேட்பது சுலபம். டெஸ்டுக்குப் போய் அங்கேயும் சிரிப்பார்களோ என்ற பயம் அவனுக்கு. பெண்டாட்டிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்ற வெட்கம் வேறு. அந்த நிமிஷம் கஸ்தூரி வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். வயிற்றில் பிள்ளை தங்காமல் ஒரு தடவை போயிருந்த சமயம். மாமியார் முகம் ஏற்கெனவே சரியில்லை. இப்போது கண்ணும் குருடு என்று தெரிந்தால் பாளையம்பட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை வந்தது, கடிதத்தில் இருந்த தேதியும் வந்தது, போனது.

லாரியையும் விட்டுவிட்டு, பந்தல்குடியில் பருத்தி குடோனில் லோடு ஏற்றப் போனான் சின்னத்துரை. இருபது வருஷமாக அதே வேலை. முதுகு வளைந்துவிட்டது. தினமும் அவனுக்குத் தைலம் தேய்த்துவிடும்போது, அந்த முதுகு மட்டும் அவளுக்கு ஒரு முழத்துக்குள் இருக்கும். ஒவ்வொரு முடிச்சும் தெளிவாகத் தெரியும்.

அவனோ தன் பார்வையைத் தானே நம்பாத ஆளாகிவிட்டான். கண்மாய்க் கரையில் திரும்பும் பஸ்ஸின் போர்டை இங்கிருந்தே படித்து, "திருச்சுழி வண்டி போல இருக்கு, சரியாப் பாத்துச் சொல்லு" என்பான். "ஆமாங்க, திருச்சுழிதான்" என்பாள் அவள். நமக்கே இவ்வளவு தெரிகிறதென்றால் இவளுக்கு எவ்வளவு தெரியுமோ என்று அவனுக்கு ஆச்சரியமாக இருக்கும். நாற்பத்தைந்து தாண்டி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது, வீரணன் மாமா அன்றைக்கே சொன்னார் என்று சமாதானமாகிவிட்டான்.

இதையெல்லாம் கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது போன வருஷம்தான். பதினோராம் வகுப்பில் மகள் பிருந்தாவுக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். கஸ்தூரி மறுநாளே அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போய் வாங்கி மாட்டிவிட்டாள். அதில் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த சின்னத்துரை மகளைப் பார்த்தான். நேராகக் கொல்லைப்பக்கம் போய்விட்டான். சாப்பிடக் கூப்பிடப் போனபோது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என் கண்ணுதான் புள்ளைக்கு வந்திருச்சு" என்றான். "பொம்பளைப் புள்ளை. உன் கண்ணு வந்திருக்கக் கூடாதா?"

அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. இவ்வளவு காலம் கழித்துச் சொன்னால் பொய்யைவிட மறைத்த வருஷங்கள்தான் பெரிதாக நிற்கும் என்று பயந்தாள். ஆனால் அன்றிலிருந்து தைலம் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும், அறிவியல் டீச்சர் ஷர்மிளா பானு ஒரு தொலைநோக்கி கொண்டுவந்து வைத்து, பெற்றோர் எல்லாரும் சாயங்காலம் மைதானத்துக்கு வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். எட்டு மணிக்கு வானம் கருகருவென்று இருந்தது. "எனக்கெதுக்கு, கண்ணு தெரியாதவனுக்கு" என்ற சின்னத்துரையைப் பிருந்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

டீச்சர் முதலில் வெறும் கண்ணால் பார்க்கச் சொன்னார். வடக்கே திரும்பி நிற்கச் சொல்லி, கவிழ்த்துவைத்த அகப்பை மாதிரி ஏழு நட்சத்திரத்தைக் காட்டினார். "இதுதான் சப்தரிஷி மண்டலம். அகப்பைக் காம்புல நடுவுல இருக்கிறத நல்லாப் பாருங்க. ஒண்ணா தெரியுதா, ரெண்டா தெரியுதா?"

"ரெண்டு" என்றான் சின்னத்துரை. எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். "பெருசு ஒண்ணு. வலது கைப்பக்கம் லேசாக் கீழ தள்ளி, சின்னதா ஒண்ணு."

"அருமையான பார்வைங்க உங்களுக்கு. எங்க வாப்பா சவுதியில இருந்தப்போ சொல்லுவாக, அந்தப் பக்கத்து ஆளுக அந்தச் சின்னதை சுஹான்னு சொல்லுவாகளாம். அந்தக் காலத்துல கண்ணு டெஸ்டே அதான். நாம அருந்ததின்னு சொல்றோம்."

"அருந்ததியா?" சின்னத்துரை வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க கலியாணத்துல மேக்கால காட்டுனாகளே, டீச்சர். தண்ணித் தொட்டிக்கு மேல."

"எந்த மாசம்? எத்தனை மணிக்கு?"

"தை மாசம். காலையில ஆறே கால் இருக்கும்."

டீச்சர் சிரித்துவிட்டார். "தை மாசம் விடியறப்பவும் அது வடக்கேதான் நிக்கும். மேற்கே எப்பிடித் தெரியும்? அதுவும் வெளிச்சம் வந்தபிறகு அந்தச் சின்னது யாருக்குமே தெரியாதுங்க."

கஸ்தூரிக்குக் கணவனுடைய முகம் தெரியவில்லை. நாலடி தள்ளி ஒரு வெள்ளைச் சட்டை தன் பக்கம் திரும்பியது மட்டும் தெரிந்தது.

பிறகு வரிசையாகத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். அதில் பெரியதே இரண்டாகப் பிரிந்து தெரியும் என்றார் டீச்சர். சின்னதையும் சேர்த்து அந்த மூன்றில் ஒவ்வொன்றும் உண்மையில் இரட்டை, மொத்தம் ஆறு என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்கிறார்களாம். கஸ்தூரியின் முறை வந்தபோது கண்ணை வைத்துப் பார்த்தாள். வழக்கம்போல் பஞ்சுப் பொதி. "மங்கலா இருந்தா அந்தத் திருகை உங்க கண்ணுக்குத் தோதாத் திருப்பிக்கங்க" என்றார் டீச்சர். திருப்பினாள். இன்னும் திருப்பினாள். சட்டென்று பஞ்சு சுருங்கி, ஊசிமுனையில் வந்த முள் மாதிரி மூன்று வெள்ளைப் புள்ளிகள் நின்றன.

நாற்பத்து மூன்று வயதில் அவள் முதல்முதலாக நட்சத்திரம் பார்த்தாள். மூச்சு விட மறந்து பார்த்தாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிற வரைக்கும் பார்த்தாள். திருகைப் பழையபடி திருப்பி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து நின்றது சின்னத்துரை. "டீச்சர், எல்லாம் கலங்கலாத் தெரியுதே" என்றான்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "முன்னாடி பாத்தவங்களுக்குக் கிட்டப்பார்வை ரொம்ப இருக்கும்போல. என் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தா நானும் இந்தப் பக்கம்தான் திருப்பணும். இருங்க, சரி பண்ணித் தாரேன்." சொல்லிக்கொண்டே திருகைத் திருப்பினார். ஒரு வீட்டுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்த வெடியின் திரியைத் தான் பற்றவைத்துவிட்டது அவருக்குத் தெரியாது.

திரும்பும்போது சின்னத்துரை முன்னால் நடந்தான். பிருந்தா தோழிகளோடு பின்தங்கியிருந்தாள். வீட்டு வாசலில் நின்றுதான் கேட்டான்.

"எத்தனை வருசமா?"

"ஒம்பதாவது படிக்கையிலருந்து."

அதற்குமேல் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. கடுகு டப்பா, அம்மா சொல்லிக்கொடுத்தது, அழைப்புக் கடிதம் வந்த அன்று வாயை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள்.

"பஸ்ஸு போச்சு. போகட்டும்" என்றான் கடைசியில். "நானே போயி ஒரு டாக்டர்ட்ட காட்டியிருக்கலாம், காட்டல. ஆனா புள்ளை கண்ணு என்னாலதான் போச்சுன்னு ஒரு வருசமா அது மூஞ்சியப் பாக்க முடியாம இருந்தேன். அத நீ பாத்துக்கிட்டே இருந்த, கஸ்தூரி."

கஸ்தூரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு நாள் அவன் பேசவில்லை. தைலத்தைத் தானே எடுத்துக் கைக்கு எட்டிய மட்டும் தேய்த்துக்கொண்டான். ஐந்தாம் நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னான். அருப்புக்கோட்டையில் கண்ணாடிக் கடையில் அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே போய் நின்றான். மூன்று நாள் கழித்து அவனேதான் வாங்கிவந்தான். கண்ணாடிக் கூட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

கண்ணாடியைப் போட்டதும் அவள் முதலில் பார்த்தது வேம்பை. அதற்குத் தனித்தனி இலை இருந்தது. எதிர்வீட்டு நீலக் கறையில் ஒரு பூட்டு தொங்கியது. திரும்பியபோது, கூடத்தின் அந்தக் கோடியில் சின்னத்துரை உட்கார்ந்திருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் முகத்தை அவள் பார்த்ததே கிடையாது. கன்னம் ஒட்டிப்போய், காதோரம் முழுக்க நரைத்து, களைத்திருந்தது. கிட்டத்தில் பார்க்கும்போதெல்லாம் அவன் அவளுக்காக முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடி நனைந்து மறுபடி எல்லாம் மங்கிப்போனது.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு வாசலுக்கு வந்து வடக்கே பார்த்தாள். முக்கால் நிலா இருந்தது. இருந்தாலும் அகப்பை கிடைத்தது. காம்பின் நடுவில் கண்ணை நிறுத்திப் பார்த்தாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். "இங்க வாங்களேன்."

அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"தெரியுதுங்க. ரெண்டும் தெரியுது."

சின்னத்துரை வானத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கும் இதத்தான் சொன்ன" என்றான்.

கண்ணாடி கண்ணைத்தான் சரிபண்ணியிருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு நிஜத்தைச் சொல்கிறாள், அதை வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் அவன் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லலாம், வலது கைப்பக்கம், லேசாகக் கீழே என்று. அதுவும் கேட்டுச் சொன்னதாகத்தான் இருக்கும். அதனால் சும்மா நின்றாள்.

அவன் அவள் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினான். அந்தப் பக்கம் ஆனிக் காற்றில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்த் தண்ணீர்த் தொட்டி அதற்கு முன்னால் கறுப்பாக நின்றது. அவன் கையை நீட்டினான்.

"அந்தா, தொட்டிக்கு மேல. அருந்ததி தெரியுதா?"

கஸ்தூரி பார்த்தாள். தொட்டி தெரிந்தது. அதன் ஏணி தெரிந்தது. மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காகூடத் தெரிந்தது. அதற்கு மேலே அவசரப்படாமல், ஓரம் ஓரமாகத் தேடிப் பார்த்தாள்.

"தெரியலைங்க" என்றாள்.

நீட்டிய கையை இறக்கினான் சின்னத்துரை.

"எனக்கும் தெரியல" என்றான்.